பனையும் பூவரசும்: தோட்ட எல்லைக்கு எம்மரம்?

ஆவணி கழிந்து புரட்டாதி பிறக்கும் வேளையில் மன்னார்ப் பகுதிக் கமக்காரரிடமிருந்து ஒரு கேள்வி தவறாது வருவதுண்டு. "தோட்டத்து எல்லையிலே பனங்கொட்டை புதைப்பதா, பூவரசங் கதியால் நடுவதா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் பேசாலையில் மிளகாய்த் தோட்டஞ் செய்பவராயினும் சரி, நானாட்டானில் நெல் விளைவிப்பவராயினும் சரி, அவர் எதிர்பார்ப்பது ஒரே சொல்லில் விடை. அவ்வாறு ஒரே சொல்லில் விடையளித்து நான் ஒருமுறை பிழைவிட்டதுண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன். இவ்விரு மரங்களும் எவ்வேலையைச் செய்யும், எவ்வேலையைச் செய்யமாட்டா என்பதைக் கமக்காரர் தாமே சீர்தூக்கிப் பார்ப்பதற்கு வேண்டிய விபரங்களைத் தருவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

காற்றும் கிணறும்

பிற இடங்களில் எல்லை மரம் நிழலுக்காகவும் அழகுக்காகவும், அயலவரோடு வழக்கு வாராதிருப்பதற்காகவும் நடப்படுவது. மன்னாரிலோ அது பயிரின் உயிரோடு தொடர்புடையது. வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றை அறியாதார் இங்கில்லை. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்னிலையம் திறந்து வைக்கப்பட்டதும் இக்காற்றை நம்பியே. மின்சாரத்திற்கு உகந்த காற்று கத்தரிக்கு உகந்ததன்று. அது கடலுப்பைச் சுமந்து வந்து இலையின் நுனியையும் ஓரத்தையும் கருக்குகின்றது; மணலை வாரி இளங்கன்றின் தண்டிலே தேய்க்கின்றது; பூவையும் பிஞ்சையும் உதிர்க்கின்றது. இவை கண்ணுக்குத் தெரியும் கேடுகள்.

கண்ணுக்குத் தெரியாத கேடு இவற்றினும் பெரிது. தீவின் மணலுக்கடியில் நன்னீர் ஊற்று எதுவும் தனியே ஓடவில்லை. மாரியிற் பெய்த மழைநீர் மணலினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல், பாற்சட்டியில் ஆடை படிந்தாற்போல ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. ஆண்டொன்றுக்கு இங்கு பெய்யும் மழை ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிற் பெய்து முடிகின்றது. எஞ்சிய காலம் முழுவதும் குடிநீரும் தோட்ட நீரும் அப்படையிலிருந்தே எடுக்கப்படல் வேண்டும். காற்றுக்குத் திறந்து கிடக்கும் தோட்டத்திற் பாத்திகள் விரைவில் உலர்கின்றன. காலையில் இறைத்த நீர் மாலைவரை தாங்குவதில்லை. கமக்காரர் இயந்திரத்தை மீண்டும் இயக்குகின்றார். துலாவினால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்ததும் கிணறும் ஓய்வு பெற்றது. இயந்திரத்திற்குக் களைப்பில்லை. நன்னீர்ப் படை மெலிய, அடியிலிருக்கும் உவர் மேலெழும்புகின்றது. அவ்வாறு உவரேறிய கிணறு ஒரு மாரியினால் மட்டும் திருந்திவிடும் என்று நம்புதற்கில்லை. ஆகவே காற்றைத் தடுக்கும் மரம், இறைப்பைக் குறைத்துக் கிணற்றையுங் காக்கும் மரமாகும்.

இவ்விடத்தில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். காற்றை முற்றாக மறிக்கும் மதில் நல்ல காற்றுத்தடையன்று. மதிலில் மோதிய காற்று மேலே தாவி, மறுபுறத்திற் சுழன்று விழுந்து, மதிலை அடுத்த பாத்திகளையே அலைக்கழிக்கும். காற்றிற் பாதியளவை ஊடு செல்லவிட்டு, மீதியை மேலே தள்ளும் மரவேலியே சிறந்தது. அத்தகைய வேலி தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்திற்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். 10 அடி உயரமுள்ள வேலியின் மறைவில் ஏறக்குறைய 100 அடி தூரத்துக்குப் பயிர் செய்யலாம் என்று கணக்கிட்டுக்கொள்க. வேலியில் ஓரிடத்தில் வாயில்போன்ற இடைவெளி இருப்பின், காற்று அவ்விடத்தில் நெருக்குண்டு முன்னையிலும் வேகமாகப் பாயும். படலை வைக்கும் பக்கம் தென்மேற்காக இருத்தலாகாது.

பனை

பனையைப் பற்றி மன்னார் மக்களுக்குச் சொல்ல முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும், தானே முளைத்த பனையைப் பயன்படுத்துவதில் எமக்குள்ள பழக்கம், பனையை எண்ணி நடுவதில் இல்லை. நடுவோர் பலர் முதலிலே இடறும் இடம் இதுதான்: பனையைப் பிடுங்கி நடுதல் ஆகாது. பனங்கொட்டை முளைக்கும்போது அதன் முளை மேல்நோக்கி வருவதில்லை. மண்ணினுள்ளே ஆழமாக இறங்கிச் சென்று அங்கே கிழங்காகின்றது. முதலோலை நிலத்தின்மேல் தோன்றுவதற்குப் பல மாதங்கள் செல்லும். தோன்றிய ஓர் ஓலையைக் கண்டு, "சிறு கன்றுதானே" என்று மண்வெட்டியால் கிளப்பினால், கீழேயுள்ள கிழங்கும் வேரும் அறுபட்டுப் போகும். ஆதலால் மரம் எங்கே நிற்றல் வேண்டுமோ அங்கேயே விதையை இடுக.

ஆடி, ஆவணி மாதங்களிற் பழுத்துத் தானாக விழும் பழங்களிலிருந்து விதை தெரிதல் நன்று. களியைப் பிசைந்து பனாட்டுக்கு எடுத்துக்கொண்டபின், கொட்டைகளை நிழலிற் குவித்து வைத்து, மழைக்கு முன்னர் நடுதல் வேண்டும். முதல் ஆண்டிலேயே சிறிது வருவாய் பெறும் வழியும் உண்டு. எல்லை நெடுகிலும் இரண்டடி அகலத்தில் மண்ணை ஆழக்கொத்தி மணலைக் கூட்டிப் பாத்தியாக உயர்த்தி, கொட்டைகளைக் கிழங்குக்கு அடுக்குவது போலவே நெருக்கமாக அடுக்கி மூடுக. தை, மாசி மாதங்களிற் கிழங்கு கிண்டும்போது, 10 அடிக்கு ஓரிடத்தில் இரண்டு கிழங்குகளை அசையாமல் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிண்டி எடுக்கலாம். எடுத்த கிழங்கை அவித்தோ, ஒடியலாகவோ புழுக்கொடியலாகவோ உலர்த்தியோ விற்றால் பாத்தி அமைத்த கூலி அநேகமாகக் கைக்கு வந்துவிடும். விட்ட இரண்டில் வலிவு குறைந்ததை இரண்டாம் ஆண்டில் வெட்டி அகற்றிவிடுக.

"பெண்பனை விதையாகத் தாருங்கள்" என்று கேட்போர் உளர். பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு என்பது உண்மை, காய்ப்பது பெண்ணே. ஆனால் விதையைப் பார்த்தோ வடலியைப் பார்த்தோ இன்னதென்று கூற எவராலும் இயலாது. மரம் பாளை தள்ளும்போதே தெரியவரும்; அதற்குப் பன்னிரண்டு முதற் பதினைந்து ஆண்டுகளோ, நிலத்தைப் பொறுத்து அதற்கு மேலுமோ செல்லும். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்று எண்ணி நடுக. ஆண்பனையும் ஓலை தரும். அதன் பாளையைச் சீவினாலும் சாறு வடியும். மரமேறுவோர் அருகிவிட்ட இக்காலத்தில் கருப்பநீரையும் பனங்கட்டியையும் கணக்கிற் சேர்க்காமலே, ஓலைக்கும் காற்றுக்குமாக நடுவது விவேகம்.

பனையின் பெருங்குணம் யாதெனில், அது தோட்டத்தோடு போட்டியிடுவதில்லை என்பதே. அதன் வேர்கள் கயிற்றுக்கற்றை போல நேரே கீழிறங்குவன. பக்கத்துப் பாத்தியைத் தேடி நெடுந்தூரம் படர்வதில்லை. நிழலும் கொஞ்சம். உப்புக்கும் வறட்சிக்கும் அஞ்சாது. நட்டபின் நீர் கேளாது. மாதத்திற்கு ஓர் ஓலையளவில் மரம் தள்ளிக்கொண்டிருக்கும். வேலியடைப்பில் உக்கிய பழைய ஓலையை நறுக்கிக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் வெட்டிய தாழிகளின் அடியில் புதைத்தால், அது மெல்ல உக்கி, மணல்நிலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பசளைச் சத்து அதிற் குறைவு. ஆனால் மணலுக்கு முதலில் வேண்டியது ஈரப்பிடிப்பே.

இனி அதன் குறையைக் கூறவேண்டும். வடலியாக இருக்கும்வரை பனையைப்போன்ற காற்றுத்தடை வேறில்லை. ஓலைகள் நிலத்தைத் தொட்டு விரிந்து நிற்கும். கருக்குமட்டைக்கு அஞ்சி ஆடும் உள்ளே நுழையாது. ஆனால் மரம் வளர வளர ஓலைகள் தலைக்கு மேலே போய்விடுகின்றன. 50 அடி உயர்ந்த பனைவரிசை தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கோட்டைபோலத் தோன்றும். அதன் அடியில் நின்று பாருங்கள். தூண்களுக்கிடையே காற்று தங்குதடையின்றி ஓடிவருவது கன்னத்திலே தெரியும். தக்காளிச் செடி மூன்றடி உயரத்தில் நிற்கின்றது. அதற்கு 50 அடி உயரத்திலுள்ள ஓலையால் ஆவதென்ன? இக்குறையை விரைவுபடுத்துபவரும் நாமே. வேலியடைக்க ஓலை வேண்டுமென்று, கைக்கு எட்டும் வடலியின் கீழோலைகளையே முதலில் வெட்டுகின்றோம். தென்மேற்கு எல்லையில் நிற்கும் வடலியில் ஓலை வெட்டாதீர்கள். வேலிக்குரிய ஓலையை வளர்ந்த மரத்திலிருந்து எடுங்கள்.

பூவரசு

கடலோரத்திற்கென்றே படைக்கப்பட்டதுபோன்ற மரம் பூவரசு. காலையில் மஞ்சளாக விரியும் அதன் பூ, வாடும்போது செந்நிறம் பெறுவதையும், அதன் இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதுவதையும் அறியாத வீடு இங்கில்லை. வைரம் பாய்ந்த மரம் வண்டிக்கும் வள்ளத்திற்கும் உதவுவது. எமக்கு இங்கு வேண்டியது அதன் மூன்று குணங்கள்: வெட்டி நட்ட தடியிலேயே வேர் விடுகின்றது, வெட்ட வெட்டத் தழைக்கின்றது, அதன் தழை மண்ணில் விரைவில் உக்கிப் பசளையாகின்றது. பனை பதினைந்து ஆண்டுகளில் தருவதற்கு உடன்படுவதைப் பூவரசு இரண்டாம் ஆண்டிலேயே தரத் தொடங்கும்.

கதியாலை முற்றிய கொப்பிலிருந்து, மணிக்கட்டின் பருமனில், ஆறடி நீளத்தில் வெட்டுக. இளங்கொப்பு சூம்பிப்போகும். வெட்டிய தடியை மூன்று நாட்கள் நிழலிற் கிடத்தியபின், அலவாங்கினால் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழிதோண்டி நட்டு, மண்ணைக் காலால் இறுக மிதிக்கவேண்டும். தடியைக் குத்தியும் அடித்தும் இறக்குவோர் உளர். அடிப்பட்டை பிளந்து அவ்விடத்திலிருந்தே அழுகத் தொடங்கும். மேல்முனையிலே சாணமும் களிமண்ணும் குழைத்து அப்பிவிடுதல் நன்று. தடிக்குத் தடி மூன்றடி போதும். அவற்றிலே குறுக்குவரிச்சுக் கட்டிப் பனையோலையைச் சார்த்தினால், நட்ட நாளிலேயே காற்றுத்தடை ஆயத்தம். தடி தழைப்பதற்குள் ஓலையும் தன் காலத்தை முடித்துவிடும்.

நடுங்காலம் மாரியின் தொடக்கம், அதாவது ஐப்பசி. இதனை நான் நூலிற் படித்திருந்தும் கைப்பட்டே கற்றேன். மன்னாருக்கு மாற்றலாகி வந்த முதலாண்டில், விடுதி வளவின் எல்லையில் நாற்பது கதியால்களை மாசி மாதத்தில் நட்டேன். பதினைந்து நாட்களில் எல்லாம் துளிர்த்தன. வந்து பார்த்த முதியவர் ஒருவர், "தம்பி, அது தடியிலை இருக்கிற பாலைக் குடிச்சுத் துளிர்க்குது, வேர் விட்டுத் துளிர்க்கேல்லை" என்றார். சித்திரை வெயிலில் முப்பத்திரண்டு தடிகள் விறகாயின. துளிரைக் கண்டு வேர் ஓடிவிட்டது என்று எண்ணாதீர்கள். ஆறு வாரம் வரை தடியை அசைத்துப் பார்க்கவும் வேண்டா.

பூவரசின் குறைகள் மூன்று. அதன் வேர் பனையினது போலன்றிப் பக்கவாட்டிற் படர்ந்து பாத்தியின் நீரையும் பசளையையும் பகிர்ந்து கொள்ளும். வளரவிட்டால் அடர்ந்த நிழல் தரும்; நிழலில் மிளகாய் பூப்பதில்லை. மாரியில் மயிர்க்கொட்டிகள் மொய்ப்பதும் உண்டு. பிள்ளைகள் நடமாடும் பக்கமாயின், கூட்டமாக இருக்கும்போதே தீப்பந்தம் காட்டி அழித்துவிடல் வேண்டும். இவற்றையெல்லாம் சமாளிக்கலாம். நான்காவது குறை ஒன்றுண்டு. நான் முன்னர்க் கூறிய பிழை அதனைச் சார்ந்தது.

ஒரு வெண்டித் தோட்டம்

தீவிலே வெண்டியும் பயிற்றையும் செய்துவந்த அம்மையார் ஒருவர் தம் தோட்டத்துக்கு எம்மரம் ஏற்றது என்று கேட்டபோது, "பூவரசு" என்று ஒரே சொல்லிற் கூறிவிட்டேன். அவ்வாண்டு மழை நன்கு பெய்தது. கதியால்கள் அனைத்தும் தப்பின. மூன்றாம் ஆண்டில் வேலி பன்னிரண்டடி உயர்ந்து காட்சிக்கு இனிதாய் நின்றது. அதனை நான் பிற கமக்காரரை அழைத்துச் சென்று காட்டியதும் உண்டு. அடுத்த போகத்தில் அம்மையார் ஒரு கூடை வெண்டிக்காயுடன் அலுவலகத்துக்கு வந்தார். காய்களின் மேலே சிவந்த பூச்சிகள் இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டு ஊர்ந்தன. "தம்பி, நான் சந்தையிலை வெண்டிக்காயை விக்கிறதோ, இந்தப் பூச்சியை விக்கிறதோ?" என்றார்.

அது பருத்தியைப் பாதிக்கும் சிவப்புப் பூச்சி. பருத்தியும் வெண்டியும் பூவரசும் தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவரசின் காயிலுள்ள விதைகளை உறிஞ்சிப் பெருகிய பூச்சி, அடுத்த வீட்டுக்குப் போவதுபோல வெண்டிக்குப் போய்விட்டது. கூடப்பிறந்தவன் வீட்டில் விருந்துண்பதற்கு அதற்கு அழைப்பு வேண்டுமா? பூவரசைச் சொல்லிக்கொடுத்த நான், அதன் உறவினர் யார் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. 2008 ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப் பூச்சியும் பூவரசிலே தங்கக்கூடியதே. ஆதலால் பப்பாசி நடுவோரும் வேலியின் இலையடிகளை இடைக்கிடை புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

வேலியைத் தறித்துவிடவே அம்மையார் எண்ணியிருந்தார். சோழகம் எழுவதற்கு ஒரு மாதமே இருந்தபடியால் அது வேண்டாமென்று மன்றாடினேன். காய்பிடித்த கொப்புகளை மட்டும் வெட்டி, காய்களை எரித்தோம். வெண்டியை வேலியினின்றும் அகற்றித் தோட்டத்தின் மறுபுறத்துக்கு மாற்றி, வேலியை அடுத்துக் கத்தரியும் பயிற்றையும் வைத்தார். பூச்சி முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் காய் சந்தைக்குப் போயிற்று. அன்று முதல் இவ்விரு மரங்களைப் பற்றி எவர் கேட்டாலும், "உங்கள் பாத்தியில் என்ன பயிர்?" என்று நான் முதலிற் கேட்பதுண்டு. ஆண்டுதோறும் கொப்பு வெட்டப்படும் பூவரசு காய்ப்பது அருமை என்பதையும் அவ்வேலியே எனக்குக் கற்பித்தது.

எங்கே எதனை நடுவது

இதுவரை கூறியவற்றிலிருந்து, உயரத்திற் செல்லும் காற்றைப் பனையும் தாழ்வில் வரும் காற்றைப் பூவரசும் தடுக்கும் என்பது விளங்கும். தீவிலுள்ள அரை ஏக்கர்த் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கு எல்லையில், வெளிப்புறமாகப் பனையை இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மற்றதன் மரம் வருமாறு, 10 அடிக்கு ஒன்றாக இடுக. அதற்கு உட்புறம், வடலியின் ஓலை படாத தூரத்தில் பூவரசங் கதியால் வரிசை. பூவரசுக்கும் முதற் பாத்திக்கும் இடையே பதினைந்தடி அகலத்தை வெறுமையாக விடுங்கள். இடம் வீணாகின்றதே என்று எண்ணவேண்டா. ஆடு கட்டவும் விறகு அடுக்கவும் நடைபாதைக்கும் அவ்விடம் உதவும். அந்த ஓரத்திலே ஆண்டுக்கொருமுறை முழ ஆழத்திற்கு ஒரு வாய்க்கால் வெட்டி மூடினால், பாத்தியை நோக்கி வரும் பூவரசு வேர்கள் அறுபடும். முதற் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வடலியும் பூவரசும் சேர்ந்து காக்கும். அதன்பின் பனை மேலே செல்லச் செல்ல, அடியைப் பூவரசு அடைத்துக்கொள்ளும்.

வடகிழக்குப் பக்கத்தில் இவை இரண்டும் வேண்டா. காலை வெயில் வரும் வழி அது; வெறும் ஓலைவேலி போதும்.

கூட்டெருக் குவியலைப் பனையின் அடியில் வைத்தல் ஆகாது. கருவண்டு எனப்படும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குவியலிலும் உக்கிய மரக்குற்றியிலுமே. வளர்ந்த வண்டு பனையின் குருத்தையும் தென்னையின் குருத்தையும் துளைக்கும். குவியலை மாதமொருமுறை புரட்டி, வெண்ணிறப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். விழுந்த பனங்குற்றிகளை வளவிற் கிடந்து உக்கவிடாது பிளந்து எரித்துவிடுங்கள்.

பெருநிலப்பரப்பிலே, கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் வயல்களின் நிலைமை வேறு. வயல் வரம்பிற் பூவரசு நடுவதை நான் விரும்பவில்லை. அதன் வேர் வரம்பைப் பிளக்கும். நிழலில் நெல் வெளிறும். கொப்பில் அமரும் குருவிக்குக் கதிர் கையெட்டுந் தூரத்தில் இருக்கும். பனை வரம்புக்கு ஏற்றதெனினும், எல்லா வரம்புக்கும் அன்று. முன்னோர் உள்வரம்புகளிலும் பனையை விட்டிருந்தனர். அவர்கள் அரிவாளால் அறுத்தவர்கள். கதிரறுக்கும் இயந்திரம் திரும்புவதற்கு இன்று இடம் வேண்டும். வடலியின் கருக்குமட்டை உழவு இயந்திரத்தை ஓட்டுபவரின் முகத்துக்கு நேராக நீட்டிநிற்கும். ஆகவே வெளிவரம்பிலும் வாய்க்காற் கரையிலும் மட்டுமே பனையை இடுக. பூவரசை வீட்டு வளவின் எல்லையில் வளர்த்து, தழையை வயலுக்குக் கொண்டுசெல்க. பச்சைத்தழை ஏக்கருக்கு 2 தொன்வரை இட்டு மிதித்தல் நன்று என்பர். ஒரு வளவின் வேலி அவ்வளவையும் தராது. நாற்றுமேடைக்கும் உவர்தட்டிய மூலைக்கும் முதலிற் பயன்படுத்தி, மிஞ்சியதை வயலுக்குச் சேருங்கள்.

வெளிவரம்பிற் பனை நிற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாந்தை, முசலிப் பகுதிகளிலிருந்து போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, 2009 ஆம் ஆண்டின் பின்னர் மீண்டு வந்தோரிற் சிலர், பற்றை மண்டிக் கிடந்த தம் காணியின் மூலையைப் பனையைக் கண்டே அடையாளங்கொண்டனர். வேலிகள் மறைந்திருந்தன, கிணறுகள் தூர்ந்திருந்தன. காப்பரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்ட இடங்களிலோ அதுவும் இல்லை. அக்காணிகளில் இன்று மீண்டும் நடுவோர் பூவரசையே பெரிதும் நாடுகின்றனர். விரைவில் வேலி வேண்டும் என்ற அவசரம் நியாயமானதே. அக்கதியால் வரிசையின் வெளிப்புறத்தில் ஐம்பது பனங்கொட்டைகளையும் இட்டுவைப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். நிற்கும் பனையைத் தறிக்க நேரின், அதற்கு முன்னர்ப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அனுமதி பெறல் வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க. பனை பற்றிய பிற ஐயங்களுக்கு, 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையினரையும் அணுகலாம்.

எப்போது வெட்டுவது

பூவரசை வெட்டுங்காலம் பற்றியே கமக்காரருக்கும் எமக்கும் பெரும் இழுபறி. சித்திரையிற் புல் காய்ந்துவிடும். ஆடு கத்தும். பசுமையாக நிற்பது வேலி ஒன்றே. கத்தி அங்கே போகின்றது. சித்திரையில் மொட்டையாக்கிய வேலி வைகாசியில் எழும் சோழகத்துக்குத் திறந்த வாயிலாகும். பூவரசு மீண்டும் தழைத்து அடர்வதற்குள் காற்றுக் காலத்திற் பாதி கழிந்துவிடும். ஆட்டை வைத்திருப்பவரிடம் வெட்டவேண்டாம் என்று கூறுவது எளிது. ஆட்டுக்கு வேறு எதனைக் கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டால் வாயடைத்துப் போகும். எனவே இடைவழி ஒன்றைக் கூறுவேன். சித்திரையில் ஒன்றுவிட்ட ஒரு மரத்தில், அதுவும் தோட்டத்தை நோக்கியுள்ள உட்பக்கக் கொப்புகளை மட்டும் வெட்டுங்கள். காற்றை நோக்கிய பக்கத்தைத் தொடாதீர்கள். முழு வெட்டைப் புரட்டாதிக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஓய்ந்துவிடும், காலபோக விதைப்புக்குத் தழை வேண்டிய நேரமும் அதுவே, வெட்டிய மரம் வரும் மழையில் தழைத்துக்கொள்ளும், காய் முற்றுவதற்கு முன்னர்க் கொப்பு போய்விடுவதாற் சிவப்புப் பூச்சிக்கும் இடமில்லை. நிலத்திலிருந்து நாலடிக்கு மேலே வெட்டினால், அடியிற் கிளைத்த கொப்புகள் தாழ்ந்த காற்றை மறிக்க நிற்கும்.

தீவிலே நடுவோருக்கு மட்டும் ஒரு சொல். மன்னார் நகரிலும் அதன் அயலிலும் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளைப் பற்றி வெளியூரார் படம் பிடித்துச் செல்கின்றனர். கதியால் நட்டவருக்கே அவற்றின் முழுக்குணமும் தெரியும். இளந்துளிரைத் தின்பதோடு அவை நிற்பதில்லை. முதுகு தினவெடுத்தால் புதிதாக நட்ட தடியிலேதான் உராயும். வேர் அசைந்த தடி பிழைப்பதில்லை. கதியாலின் வெளிப்புறத்தில், ஓரடி தள்ளி, கருக்குமட்டைகளை நட்டு நெருக்கமாக வரிந்து கட்டுங்கள். கிடையாதவிடத்து உடைமுள்ளைப் பரப்புங்கள். இரண்டு மாரி கழியும்வரை அக்காவல் வேண்டும். கருக்குமட்டை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். ஐப்பசியில் எல்லாரும் கேட்பதால் அகப்படாது.